மாமனாருக்குப் பிடிக்காத அரிவாள்

மூன்றாவது அரிவாளையும் விரல்கணுவால் தட்டிக் காதோரம் கொண்டுபோனான் கிளாட்வின். எந்தச் சத்தம் வந்தால் நல்ல அரிவாள், எந்தச் சத்தம் வந்தால் மோசம் என்பது அவனுக்குத் தெரியாது. மாமனார் எலியேசர் அப்படித்தான் செய்வார். தட்டுவார், கேட்பார், எக்ஸ்ரே பார்க்கும் டாக்டரைப்போல உதட்டைப் பிதுக்குவார். இவனும் பிதுக்கினான்.

“அது என்னத்தச் சொல்லும்னு கேக்கிய?” என்றார் பட்டறைக்காரர் ராக்கப்பன். “அரிவாள் பேசாது அண்ணாச்சி. என்ன வேலைக்கு, அதச் சொல்லுங்க.”

“சீமைக்கருவேலம் வெட்டணும். மதியத்துக்குள்ள ஒரு பாதை, நாலு மணிக்குள்ள அதை அகலப்படுத்தணும்.”

“நாலு மணிக்கு என்ன?”

“அடக்கம்.”

ராக்கப்பன் புளோயரை அணைத்தார். அடுப்பு மூச்சு விட்டு அடங்கியது. பலகைக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து முன்னால் வைத்தார். அரிவாள் வாங்குகிறவர் பெயர், ஆதார் எண், செல் நம்பர், காரணம் எல்லாம் எழுதி வாங்க வேண்டும் என்பது ஸ்டேஷனிலிருந்து வந்த உத்தரவு. காரணம் என்ற கட்டத்தில் வாழைத்தார், தென்னை, கோயில் நேர்ச்சை என்று வரிசையாக இருந்தன. ஒருவர் மட்டும் அழகான கையெழுத்தில் ‘சொந்த உபயோகம்’ என்று எழுதியிருந்தார்.

கிளாட்வின் ‘கல்லறை’ என்று எழுதினான்.

ராக்கப்பன் அதைத் தலைகீழாகவே வாசித்துவிட்டார். “யாருக்கு?”

“மாமனாருக்கு.”

“அவரு இப்ப எப்பிடி இருக்காரு?”

“ஐஸ் பெட்டியில இருக்காரு. காலையில அஞ்சரைக்குத் தவறிட்டாரு.”

“அப்பச் சரி,” என்று நிம்மதியாக நோட்டை மூடினார் ராக்கப்பன். “ஆளு யாரு?”

“ராஜபாளையம் எலியேசர். பாரஸ்ட்ல வாட்ச்சரா இருந்தாரு.”

“அடப்பாவி மனுசா,” என்றார் ராக்கப்பன். அது இறந்தவருக்கு. “மாசம் ஒருக்க வருவாரு. இருக்க எல்லாத்தையும் தட்டிப் பாப்பாரு. ஒண்ணும் தேறாதும்பாரு. என் டீயக் குடிச்சிட்டுப் போவாரு.”

இது எலியேசரைப் பற்றிய ஆகச் சுருக்கமான வாழ்க்கை வரலாறு. மீதியையும் சொல்லிவிடலாம். மலையில் புலிக் கணக்கெடுப்புக்காகக் காட்டுப் பாதை நெடுகக் கேமரா கட்டுவார்கள். ஓரிடத்துக்கு இரண்டு, எதிரெதிர் மரங்களில். கேமராவுக்கு முன்னால் புல், செடி, கொடி எதுவும் ஆடக்கூடாது. ஆடினால் புலி என்று நினைத்து அது படம் எடுத்துத் தள்ளிவிடும். ஒருமுறை யாரோ சோம்பேறித்தனமாக வெட்டிவிட்டு வந்த இடத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் படங்கள் விழுந்தன. அத்தனையும் ஒரே புல்லின் படங்கள். அதற்குப் பிறகு அந்தக் கேமரா லைனை வெட்டிச் சுத்தம் செய்யும் பொறுப்பு எலியேசரிடம் வந்தது. அன்றிலிருந்து அரிவாள் விஷயத்தில் அவர் சொன்னதே தீர்ப்பு, அப்பீல் கிடையாது.

“நாய் வேணுமா, ராஜபாளையத்துல வாங்கு. பால்கோவா வேணுமா, வில்லிபுத்தூர்ல வாங்கு. அரிவாள் மட்டும் ஊரப் பாத்து வாங்காத, அடிச்சவன் மூஞ்சியப் பாத்து வாங்கு” என்பார்.

கல்யாணமான புதிதில், மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்த கிளாட்வின் வத்திராயிருப்புச் சந்தையில் ஒருவர் மூஞ்சியைப் பார்த்து ஓர் அரிவாள் வாங்கினான். பிடி வழுக்கக்கூடாதே என்று தன் தொழில் புத்தியில் மஞ்சள் இன்சுலேஷன் டேப்பை நெருக்கமாகச் சுற்றி மாமனாருக்குக் கொடுத்தான். எலியேசர் தட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“மாப்ள, இத எங்க எடுத்திய? கவரிங் நகைக் கடையிலயா?”

பிறகு அது வீட்டில் தென்படவில்லை. கேட்டபோது, “பழைய இரும்புக்காரன் வந்தான்” என்று மட்டும் சொன்னார். அடுத்து இரண்டு தடவை வாங்கிக் கொடுத்ததற்கும் அதே கதி. நான்காவது தடவை கிளாட்வின் வேட்டி எடுத்துக் கொடுத்தான். அதிலும் கரை சரியில்லை.

இன்று அரிவாளுக்கு வந்த அவசரம் வேறு. எலியேசர் தன் மனைவியின் கல்லறைக்குப் பக்கத்து இடத்தை முன்பே சபையில் சொல்லி வாங்கி வைத்திருந்தார். வருஷா வருஷம் அவரே போய் அங்கே கருவேலம் வெட்டுவார். முட்டி தேய்ந்த பிறகு மூன்று வருடமாகப் போக முடியவில்லை, மற்றவர்களையும் விடவில்லை. “நான் வெட்டட்டுமா மாமா?” என்று கிளாட்வின் ஒருமுறை கேட்டான். “உங்க கையில அரிவாளக் குடுத்தா அங்க இன்னொரு கல்லற கூடும்” என்றார். மூன்று மழைக்குக் கருவேலம் ஆளுயரத்துக்கு மேல் எழும்பி, அந்த அம்மாளின் சிலுவைகூட வெளியே தெரியாமல் மூடிவிட்டது.

கல்லறைத் தோட்டக் கமிட்டிச் செயலர் ஜெபக்குமார் காலை ஏழு மணிக்கே வந்து ஆறுதல் சொன்னார். அவர் சாதாரணமாகப் பேசினாலே மைக் வைத்ததுபோல இருக்கும். “கவலை வேண்டாம். நம்முடைய நிர்வாகக் காலத்தில் வாங்கப்பட்ட நவீன இயந்திரம் இருக்கிறது.” அது ஒரு பிரஷ் கட்டர். போன வருடம் ரிப்பன் வெட்டித் துவக்கி வைக்கப்பட்டது. துவக்கி வைத்ததற்கான கல்வெட்டு இயந்திரத்தைவிட மூன்று மடங்கு கனம். அதில் சுழல்வது நைலான் நரம்பு. புல்லுக்கு எமன்தான். கருவேலத்தை அது சொறிந்துவிட்டது. கருவேலம் சுகமாக ஆடியது. பத்து நிமிடத்தில் நரம்பு தீர்ந்து, இயந்திரம் புகை விட்டுத் தன் ஊழியத்தை முடித்துக்கொண்டது.

“நாங்க குழி வெட்ட வந்தோம். காடு வெட்ட வரல” என்று குழிக்காரர்கள் இருவரும் மண்வெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

“ஒன்று செய்யலாம்,” என்றார் வீட்டுக்குத் திரும்பி வந்த ஜெபக்குமார். “கேட் பக்கம் புதிய பகுதி இருக்கிறது. டைல்ஸ் போட்டிருக்கிறோம். அங்கே வைத்துவிடுவோம். உயிர்த்தெழும் நாளில் எந்த இடமானால் என்ன? நாலு மணியைத் தள்ளவும் முடியாது. போதகர் ஐயாவுக்கு ஆறு மணிக்கு வத்திராயிருப்பில் கூட்டம்.”

எலியேசரின் மகள் எப்சி, கிளாட்வினின் மனைவி, ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கிளாட்வினைப் பார்த்தாள்.

“அப்பா அம்மா பக்கத்துலதான்,” என்றாள்.

சாமான் அறைச் சுவரில் எலியேசரின் பிரசித்தி பெற்ற அரிவாள் தொங்கியது. வெள்ளைக்காரன் காலத்துத் தண்டவாள இரும்பில் அடித்தது, அவரைத் தவிர யாரும் தொடக்கூடாதது. கிளாட்வின் ஜெபம் பண்ணிவிட்டு அதைத் தொட்டான். கல்லறையில் முதல் வெட்டு போட்டதும் அலகு பிடியிலிருந்து கழன்று பறந்து, பிரஷ் கட்டர் கல்வெட்டின் காலடியில் போய் விழுந்தது. பிடிக்குள் கரையான் குடியிருந்தது. பல வருடங்களாக அது ஆணியைத் தவிர எதையும் தொட்டதில்லை என்பது தெரிந்தது. அப்படியானால் மனிதர் மலையில் எதைக் கொண்டு வெட்டினார் என்று அந்த நேரத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ராஜபாளையத்துக் கடைகளில் கிடைத்தவை பிளாஸ்டிக் குழாயைப் பிடியாக மாட்டிய வகை. அதனால்தான் பதினொரு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் போகிற தெருவில், ராக்கப்பன் பட்டறையில் நின்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தான்.

சுவரில் ஒரு நீள வீச்சரிவாள் பளபளவென்று தொங்கியது. கிளாட்வினின் கண் அதன்மேல் போவதை ராக்கப்பன் பார்த்துவிட்டார்.

“அது போட்டோவுக்கு. அத வாங்கினா வேல செய்யாண்டாம், தோள்ல சாத்திட்டு நின்னாப் போதும்.”

“இது?”

“தேங்கா வெட்டுறது. நல்ல கனம். அம்பது வெட்டுல தோள்பட்ட கழண்டுரும். நீங்க எம்புட்டு நேரம் வெட்டுவிய?”

“மூணு நாலு மணி நேரம்.”

“அப்ப கனம் மூக்குல மட்டும் இருக்கணும், ஒடம்புல இருக்கப்படாது. மூக்கு வளைஞ்சிருந்தா முள்ளுக் கொப்பக் கையால தொடாம கொக்கி போட்டு இழுத்துக்கிடலாம். பொறவு அடியில ஒரு போடு.” ராக்கப்பன் மூலையிலிருந்து நாலைந்து அரிவாளை எடுத்துப் போட்டார். “கண்ண மூடிட்டு ஒவ்வொண்ணா வீசிப் பாருங்க. எது கைய இழுக்காம போகுதோ, அது.”

கிளாட்வின் கண்ணை மூடி வீசினான். தெருவில் போன பால்காரர் சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாக நின்றார். நான்காவது அரிவாள் வீசியதும் தானாகவே திரும்பி வந்ததுபோல இருந்தது. கண்ணைத் திறந்தான். கறுத்து, மூக்கு கோணி, பிடி ஒன்றரைச் சாண் நீளத்தில், அடிக்க எடுத்த லாரி ஸ்பிரிங் பட்டையின் பழைய துளைகூடத் தெரிகிற ஒரு அவலட்சணம். மாமனார் பார்த்தால் சொல்லக்கூடிய மூன்று குறைகள் உடனே கண்ணில் பட்டன. மற்றவற்றில் ஐந்தைந்து இருந்தன.

“இதையே குடுங்க.”

ராக்கப்பன் அதை இரண்டு நாள் பழைய பேப்பரில் சுற்றினார். “அவரு இருந்தா இதையும் தேறாதுன்னுருப்பாரு.”

“ஆமா.”

“டீ சாப்பிடுதியளா?”

அதற்கு நேரமில்லை.

கல்லறைத் தோட்டத்தில் கிளாட்வின் சட்டையைக் கழற்றிச் சிலுவை ஒன்றில் மாட்டிவிட்டு இறங்கினான். மூக்கால் கொப்பை இழுத்து, அடியில் ஒரு போடு. இழுத்து, ஒரு போடு. கருவேலம் முதல் தடவையாகத் தலைவணங்கியது. ஜெபக்குமார் குடைக்குள் நின்று, “இயந்திரம் ஓரளவு இளக்கிக் கொடுத்திருக்கிறது” என்றார். ஒன்றரை மணிக்கு மாமியாரின் சிலுவை வெளிவந்தது. குழிக்காரர்கள் மண்வெட்டியிலிருந்து எழுந்தார்கள்.

பெட்டி வர அகலமான பாதை வேண்டும். உள்ளங்கை கொப்புளித்து, வியர்வையில் பிடி நழுவ ஆரம்பித்தது. கிளாட்வின் பைக்கின் பையிலிருந்து மஞ்சள் டேப்பை எடுத்துவந்து, வேப்பநிழலில் குந்தி, பிடியில் சுற்றினான். அப்போதுதான் சோலைராஜ் வந்தார். எலியேசரோடு இருபது வருடம் லைனில் நடந்த வாட்ச்சர்; செய்தி கேட்டு மலையிலிருந்து நேரே காக்கியோடு இறங்கி வந்திருந்தார்.

“அட, அண்ணாச்சி அரிவாளு,” என்றார். “கெடச்சிருச்சா? எங்க கெடந்துச்சு?”

“இது இப்பதான் வில்லிபுத்தூர்ல வாங்கினேன்.”

சோலைராஜ் குனிந்து பார்த்தார். “இல்ல, இல்ல. இது மூக்கு வேற. டேப்பப் பாத்து ஏமாந்துட்டேன். அவரு அரிவாள்லயும் இப்பிடித்தான் மஞ்சளா சுத்தியிருக்கும்.”

கிளாட்வின் சுற்றுவதை நிறுத்தினான்.

“போட்டோ இருக்கு, பாருங்க,” என்று சோலைராஜ் செல்போனைத் தடவினார். “கேமரா கட்டினா டெஸ்ட் பண்ணனும்லா. புலி ஒசரத்துக்கு யாராச்சும் நாலு காலுல நடக்கணும். ரேஞ்சர் சார் நடக்கமாட்டாரு. நான் நடந்தா கரடி மாதிரி இருக்காம். அண்ணாச்சிதான் பிசிறில்லாம நடப்பாரு. அந்த லைன்ல புலி விழுந்தது ஏழு படம். இவரு நானூறு.”

வீட்டில் கேமராவைத் ‘தொழில்நுட்ப ரீதியாக’ச் சரிபார்ப்பதாகச் சொல்லிவந்த எலியேசர், படத்தில் நான்கு காலில் நடந்துகொண்டிருந்தார். தலையில் துண்டு. முகத்தில் புலிக்குரிய கடுப்பு. இடுப்பின் பின்பக்கம் செருகிய அரிவாளின் பிடி வாலைப்போல நிமிர்ந்திருந்தது. மஞ்சள் பிடி. மூலையில் தேதியும் நேரமும் வெப்பநிலையும் இருந்தன. சோலைராஜ் விரலால் தள்ளினார். அடுத்த வருடம், மஞ்சள். அதற்கடுத்த வருடம், மஞ்சள். ஒன்றில் பழைய டேப் நைந்து போயிருந்தது. அதற்கடுத்ததில் புது டேப், அதே மஞ்சள்.

குழிக்காரர்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். “ஏலே, மீசையும் புலி மாதிரிதாம்ல இருக்கு” என்றான் ஒருவன்.

“அந்த அரிவாள் இப்ப எங்க?” என்று கேட்டான் கிளாட்வின்.

“அவரு மலைக்கு வந்த கடைசி வருசம் ஓடையில வெள்ளம் இழுத்துட்டுப் போயிருச்சு. மூணு நாளு தேடினாரு. ரேஞ்சர் சாரே, ‘புலி காணாமப் போயிருந்தாக்கூட இம்புட்டுத் தேடமாட்டியரே’ன்னாரு. வேற அரிவாள் தாரோம்னா கேக்கல. அதுக்குப் பொறவுதான் முட்டி வலின்னு மலைக்கு வாரதையே விட்டாரு.”

கிளாட்வின் டேப்பின் நுனியைப் பல்லால் கடித்து அறுத்தான். எழுந்து போய் மிச்சக் கருவேலத்தை வெட்டினான்.

நாலு மணிக்குப் பெட்டி வந்தது. பாதையில் பெட்டியின் இருபுறமும் இரண்டிரண்டு ஆள் தாராளமாக நடந்தார்கள். எலியேசர் தன் இடத்தில் இறங்கினார். போதகர் ஐயா சுருக்கமாக முடித்தார். ஜெபக்குமார் அப்படி முடிப்பவரல்ல. “சகோதரர் எலியேசர் கம்பீரத்தின் மறு உருவம். யாருக்கும் தலைகுனியாத, நிமிர்ந்த நடைக்குச் சொந்தக்காரர்” என்று அவர் தொடங்கிய நேரத்தில், சோலைராஜின் செல்போன் எப்சியின் கையில் இருந்தது.

எப்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. கண்ணில் நீர் கொட்டியது. தன் பேச்சு இந்த அளவுக்கு உருக்கியதைக் கண்ட ஜெபக்குமார் குரலை இன்னும் ஒரு கட்டை உயர்த்தினார்.

மண் மூடி, எல்லோரும் கேட்டை நோக்கி நடந்தபோது கிளாட்வின் பின்தங்கினான். மாமியாரின் சிலுவைக்குப் பின்னால் ஒரே ஒரு கருவேலங்கொப்பு தப்பியிருந்தது. மஞ்சள் பிடியை இறுக்கி, மூக்கைப் போட்டு இழுத்து, அடியில் ஒரு போடு போட்டான். சுத்தமாக விழுந்தது.

பழக்கத்தில் அப்படியே கொஞ்ச நேரம் நின்றான். பின்னாலிருந்து யாரும் குறை சொல்லவில்லை.