தெய்வாத்தாளும் ‘லே-ஆஃப்’ என்ற சொல்லும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் ஆங்கில அகராதியில் பிறந்தது. ‘லே-ஆஃப்’ என்பதற்கு முதலில் ஓய்வு என்றுதான் பொருளாம். வேலை குறைந்த பருவத்தில் ஆளைக் கொஞ்ச நாள் உட்கார வைப்பது. ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்புவது என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அடப்பாவிகளா! இதைத் தட்டிக் கேட்க ஒருத்தி வேண்டுமே என்றுதான் தெய்வாத்தாளை உண்டாக்கினேன்.

2

மின்வெட்டு வந்த அந்த வருஷம், தெய்வாத்தாள் கண்ணீரோடு மில்லை விட்டு...

(அடித்துவிட்டேன். அவள் அழுகிற ஆள் இல்லை.)

1958. சிங்காநல்லூரில் ஒரு மில். மின்வெட்டால் மெசின்கள் நின்று, கேட்டில் லே-ஆஃப் நோட்டீஸ் தொங்கியது. வேலை போச்சு என்று மற்ற பெண்கள் ஊர் திரும்பினார்கள். தெய்வாத்தாள் மட்டும் மறுநாள் சலவைச் சேலை கட்டி, தூக்குப்போசியில் சோற்றோடு, சங்கு ஊதும் நேரத்துக்கு வந்து நின்றாள்.

[லே-ஆஃபில் இருப்பவர் தினமும் வந்து பேர் பதியவேண்டும். வராவிட்டால் அந்த நாளுக்குரிய பாதிச் சம்பள உரிமை போச்சு.]

வருகை நோட்டு எழுதும் டைம்கீப்பர் ரங்கராஜ் சிரித்தார். “மெசினே ஓடலீங்களே அம்மணி, எதுக்கு வந்தீங்க?”

“ஏனுங்க, எங்களை நீக்கிப்போட்டீங்களா, உக்கார வெச்சிருக்கீங்களா?”

“உக்காரத்தானுங்க வெச்சிருக்குது.”

“அப்ப எம் பேரும் உங்க நோட்டுல உக்காரோணும். எழுதுங்க.”

3

ரங்கராஜை வில்லனாக்கலாம் என்று பார்த்தேன். வேண்டாம், அவரும் சம்பளக்காரர். பத்தொன்பது நாள் ஒழுங்காக எழுதினார். இருபதாம் நாள் தலை நிமிரவில்லை.

“உங்க பேரை அடிக்கச் சொல்லீட்டாருங்க மேனேஜர். கரண்ட் வந்ததும் புது ஆள் எடுக்கறாங்களாமா.”

தெய்வாத்தாள் நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். அவளுக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை, தன் பேர். இருபதாம் நாளுக்கு நேராக அதைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

“அடிக்கறதுன்னா அவரே வந்து எம் முன்னால அடிக்கட்டுங்க.”

எனக்குப் பெருமையாக இருக்கிறது ஐயா. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

4

முடிவு ஒன்று: கரண்ட் வந்தது, சங்கு ஊதியது, தெய்வாத்தாள் சிரித்துக்கொண்டே... (அடித்துவிட்டேன். அவ்வளவு சுலபமா?)

முடிவு இரண்டு: மேனேஜர் வந்தார். பேனாவைத் திறந்தார். தெய்வாத்தாள் கையைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவர் பேனாவை நோட்டில்...

இல்லை. இந்தப் பக்கங்களில் எத்தனையோ வரிகளை அடித்துவிட்டேன். இந்தப் பேரை என்னால் அடிக்க முடியாது. பேனாவை இங்கே வைக்கிறேன். உங்களுக்கு மனசு வந்தால், நீங்கள் அடியுங்கள்.