நிமிர்ந்து நின்ற கற்கள்

ஊரெல்லாம் முற்றத்துக்கு இன்டர்லொக் கல் பதித்துக்கொண்டிருந்தபோது, காலிதீன் ஹாஜியார் மட்டும் மலைக்கல்தான் வேண்டும் என்றார்.

"அச்சில வார்த்த கல்ல ஆரும் போடலாம். இது எங்கட புள்ளைக்குச் சீதனமா எழுதிக் குடுக்கிற வீடு."

மகள் பஸ்னாவுக்குப் பேசியிருந்த நிந்தவூர் மாப்பிள்ளையின் ஆட்கள் வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் கேற்றிலிருந்து விறாந்தை வரை, பூஞ்செடிகளுக்கு நடுவே, பாதை போட்டாக வேண்டும். வியாழன் காலை காரைதீவு மேசன் அழகரெத்தினம் கற்களைக் கழுவினார். எது எங்கே படுக்கும் என்று முகம் பார்த்து, அந்தந்த இடத்திலேயே சோடி சோடியாக மணலில் குத்தி நிறுத்தினார். காயட்டும் என்று சொல்லிப் பின்வளவுக்குச் சோறு தின்னப் போனார்.

மாப்பிள்ளையின் தாய் உம்மு ஒரு நாள் முந்தியே வந்துவிட்டார். கேற்றடியில் நின்று முக்காட்டை இழுத்துவிட்டவர், "அஸ்ஸலாமு அலைக்கும் யா அஹ்லல் குபூர்" என்றார். மையவாடியில் மண்ணுக்குள் அடங்கியவர்களுக்குச் சொல்லும் சலாம்.

காலிதீன் திடுக்கிட்டுப் பார்த்தார். கபுறின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடுகிற மீசான் கற்களைப் போலவே அத்தனையும் நின்றன.

"என்ன காக்கா, மையவாடிக்குள்ளயா வீடு கட்டியிருக்கீங்க? என்ட மகன் இதுக்குள்ளயா குடியிருக்கிற?"

காலிதீனின் முகம் கறுத்தது. நாளைக்குச் சந்தையெல்லாம் இதுதான் கதை. சம்பந்தம் முறிந்தால் குடும்பத்துக்கே இழுக்கு. சிரித்துச் சமாளிக்கவும் அவருக்கு வராது.

"பாதைக்கு வந்த கல்லெண்டு வாயத் திறந்து சொல்லுங்களன்" என்று கதவடியில் மனைவி சபியா உம்மா கிசுகிசுத்தார்.

காலிதீன் வெண்சாரனை மடித்துக் கட்டினார். கேற்றடிக் கல்லை இரு கையாலும் அணைத்து மணலில் சாய்த்தார்.

"ஹாஜியார், இடுப்பு நாரி புடிச்சிரும், உடுங்க!" அழகரெத்தினம் சோற்றுக் கையோடு ஓடிவந்தார்.

"ராத்தா, இது மிதிக்கிற கல்லு. ஏறி வாங்க" என்றார் காலிதீன் உம்முவிடம்.

உம்மு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கல் ஆடியது.

"ஆடுதே, காக்கா."

காலிதீன் அவர் காலடியில் குந்தினார். மணலை அள்ளி அள்ளிக் கல்லின் கீழே திணித்தார். இன்னொருவர் முன்னால் அந்த மனிதர் குனிந்ததைச் சபியா உம்மா அன்றுதான் கண்டார்.

உம்மு மறுபடி அழுத்தி மிதித்தார். கல் அசையவில்லை.

"இப்ப செரி. மத்தக் கல்லையும் கெதியாப் படுக்கப் போடுங்க, நாளைக்கு எல்லாரும் வாறம். மௌத்தானவங்களுக்குச் சொன்ன சலாம் வீணாப் போயிற்று. இது ஒங்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்."

"வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றார் காலிதீன், கை நிறைய மணலோடு.