விழுந்ததா என்று தெரியாத பனிச்சரிவு

1

இந்தக் கதை எனக்கு மிசாவோ வீட்டு அடுப்படியில் கிடைத்தது. ஜப்பானில், பனிமலை அடிவாரத்து ஒதாரி கிராமத்தில் எனக்கு அவள் எதிர்வீடு. இரண்டு பேருமாக வாசல் பனியை வாரிக் கொட்டிவிட்டு மிசோ சூப் குடித்துக்கொண்டிருந்தோம். "போன மாசம் நானும் என் கொழுந்தனும் செத்திருக்கணும்," என்றாள், சூப்பில் உப்பு தூக்கலா என்று கேட்கிற குரலில்.

எழுதட்டுமா என்றேன்.

"எழுதேன். ஆனா அதுல ஒண்ணுமே நடக்கலையே?"

அதுதான் என் கஷ்டமும்.

2

முதல் தொடக்கம்: வெள்ளை அரக்கனைப் போல மலை வாயைப் பிளந்து—

(வேண்டாம். மலை எதையும் பிளக்கவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: கொழுந்தன் டெட்சுரோ ஒரு முரடன். யார் சொன்னாலும்—

(இதுவும் பொய். அவனை முட்டாளாக்கினால் எனக்கு வேலை சுலபம், அவ்வளவுதான். ஒசாகாவில் வேலை, வருஷத்தில் ஒரு தடவை லீவு. வந்தால் அண்ணியின் பையையும் சேர்த்துத் தூக்குகிறவன். காலில் ஸ்கீ கட்டைகளைக் கட்டிப் பனியில் சறுக்கினால் அவளைவிடக் கெட்டிக்காரன். ஆபத்தே அங்கேதான் இருந்தது.)

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3

புயல் சாயங்காலம்தான் வரும் என்று ரேடியோவில் சொன்னார்கள். அதற்குள் ஏறி இறங்கிவிடலாம் என்று காலையில் கிளம்பினார்கள். மலைமுகட்டை எட்டியபோதே கடல் பக்கம் வானம் கரும்பலகையாகிவிட்டது. காற்று சொன்ன நேரத்துக்குக் காத்திருக்கவில்லை.

இறங்க இரண்டு வழி. முன்னால் மரமே இல்லாத செங்குத்தான இறக்கம். சறுக்கினால் சட்டென்று ரோடு வந்துவிடும். பின்னால் காடு, சுற்றுவழி, இடுப்பளவு பனி.

டெட்சுரோ இறக்கத்தின் விளிம்பில் கால் வைத்தான். காலடியில் 'தொம்' என்றது. சுற்றியிருந்த பனி முழுக்க ஒரு விரல்கடை கீழே உட்கார்ந்தது. மேலே காற்று அழுத்திய கெட்டிப் பனி, அடியில் சர்க்கரை மாதிரி உதிர்ந்து கிடக்கும் பழைய பனி. அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் இரண்டு பேருக்கும் தெரியும்: மேல்பனி எந்த நிமிஷமும் மொத்தமாகச் சரியலாம்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அண்ணி. ஆனா நிக்குதுல்ல? விழறதா இருந்தா இப்பவே விழுந்திருக்கும்."

"அதுகிட்ட கேட்டியா?"

"காட்டு வழியா போனா புயல் நடுவுல மாட்டிக்குவோம். நான் முதல்ல இறங்கறேன். ஒண்ணும் ஆகலைன்னா நீங்க வாங்க."

"ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா, புதைஞ்ச இடத்தைக் காட்ட மார்ல கருவி கட்டியிருக்கேன். தோண்டி எடுக்க நீங்க இருக்கீங்க."

(இந்த இடத்தில் மிசாவோவுக்கு ஒரு பிரசங்கம் எழுதியிருந்தேன். 'உயிர் என்பது'— அடித்துவிட்டேன். அவள் அப்படியெல்லாம் பேசவில்லை.)

ஸ்கீ கட்டைகளைக் கழற்றிவிட்டுப் பனியில் சப்பென்று உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணி, உக்காந்துட்டீங்க?"

"தோண்டறதுக்கு முன்னாடி இடுப்பை நீட்டிக்கறேன். நெல் அறுப்புலேர்ந்து இந்த இடுப்பு வலி. நீ வேற தடியன். பாதி தோண்டறதுக்குள்ள உனக்கு மூச்சு நின்னுடும். அப்புறம் நான் தனியா போய் உங்க அண்ணன் முன்னாடி நிக்கணும். என்ன சொல்லட்டும்? இப்பவே சொல்லிக் குடுத்துட்டுப் போ."

(அவள் குரல் நடுங்கியது என்று எழுதியிருந்தேன். "நடுங்கலை, கோவம்," என்று திருத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, நடுங்கிச்சு. இருக்கட்டும்," என்றாள்.)

டெட்சுரோ இறக்கத்தைப் பார்த்தான். அண்ணனிடம் சொல்ல ஒரு வாக்கியம் தேடினான் போலிருக்கிறது. கிடைக்கவில்லை. வைத்த காலை மெதுவாகப் பின்னால் எடுத்தான்.

"பேசியே ஆளைக் கொல்லுவீங்க அண்ணி."

"இதுல செத்தா பரவாயில்ல. எந்திரிக்கக் கை குடு."

4

காட்டுக்குள் புயல் பிடித்துக்கொண்டது. நீட்டிய கை தெரியவில்லை. டெட்சுரோ முன்னால் பனியை நெஞ்சால் தள்ளித் தடம் போட, மிசாவோ அவன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு பள்ளத்தில் இரண்டு பேரும் சேர்ந்து உருண்டார்கள். இங்கேயே முடிந்துவிடுவோமோ என்று அப்போது தோன்றியது என்கிறாள். நான்தான் தப்பான வழியில் இழுத்துவிட்டேனோ என்றும்.

பிறகு கீழே எங்கோ ரோட்டில் பனி தள்ளும் வண்டியின் சத்தம் கேட்டது.

அவள் புருஷன் யசுகி காரில் ஹீட்டரைப் போட்டுக் காத்திருந்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது. கேட்டதென்னவோ, "ஏன் இவ்வளவு நேரம்?" என்றுதான்.

"உங்க தம்பி காட்டைச் சுத்திக் காட்டினான்."

பின்சீட்டில் டெட்சுரோவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று நினைத்துத் திரும்பியவள், அவன் நனைந்த முகத்தைப் பார்த்ததும் தானும் அழுகையில் சேர்ந்துகொண்டாள். யசுகி வண்டியை எடுக்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

5

முடிவு (அ): அன்று சாயங்காலமே அந்த இறக்கம் மொத்தமாகச் சரிந்தது.

முடிவு (ஆ): வசந்தம்வரை அது அசையவில்லை. டெட்சுரோ போன் போட்டுக் கிண்டல் செய்தான்.

நடந்தது இரண்டுமில்லை. புயல் நாள்கணக்கில் அடித்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. விழுந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

(அ)வை மிசாவோவிடம் படித்துக் காட்டினேன்.

"அது விழுந்தாத்தான் நான் செஞ்சது சரியா? விழலைன்னா நான் பயந்தாங்கொள்ளியா?"

இரண்டையும் அடித்துவிட்டேன்.

இறக்கத்தை உங்களிடம் ஒப்படைக்கிறேன். விழவைப்பதும் நிற்கவைப்பதும் உங்கள் இஷ்டம். எப்படி முடித்தாலும் சரி, அதன்மேல் மட்டும் யாரையும் நிறுத்திவிடாதீர்கள்.