ஜாடி குடித்த திரவம்

கோகுலகிருஷ்ணன் சாருக்கு வேதியியல் தெரியாது என்பதைத் துர்கா முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். அவர்தான் துறைத் தலைவர், அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டியும் அவரே. ஆய்வுக்கூடம் எந்த மாடியில் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். சஃபாரி உடை, பையில் மூன்று பேனா, வாயில் எப்போதும் 'நம்ம புராஜெக்ட்டு'. அந்த 'நம்ம'வைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் வேலை கரும்புச் சக்கையில். அதைக் கரைக்க அயனித் திரவம் என்று ஒன்று உண்டு. ஒருவகை உப்புதான், ஆனால் அறைச் சூட்டிலேயே எண்ணெய் மாதிரி ஓடும். சக்கை அதில் கரைந்ததும் தண்ணீர் விட்டால் நார் தனியாகத் திரிந்து விழும். அதை வடிகட்டி, தண்ணீரைக் காய்ச்சி ஓட்டிவிட்டால் பழைய திரவம் திரும்பக் கைக்கு வந்துவிடும். தண்ணீர் ஆவியாகும், இது ஆகாது. அதன் பெருமையே அதுதான். ஒரே திரவத்தை மீட்டு மீட்டு ஐந்து முறை வேலை வாங்கலாம் என்று காட்டுவதுதான் துர்காவின் ஆய்வு. நான்கு முறை முடிந்திருந்தது. புதுசு வாங்கி ஈடுகட்ட முடியாது, உழைத்துக் களைத்த அதே திரவம்தான் வேண்டும். இரண்டு வருட உழைப்பும் பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன பாட்டிலுக்குள் இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கல்லூரியில் விழா வந்தது. தாளாளர் ஆதிலட்சுமி அம்மாள் வருகிறார் என்றதும் சாருக்கு ஒரு யோசனை உதித்தது. விருத்தாசலத்துக் கல்லூரியின் கண்டுபிடிப்பை, ஊருக்குப் பேர் வாங்கித் தந்த விருத்தாசலத்துப் பீங்கானிலேயே வைத்துக் காட்டினால் என்ன? தொழிற்பேட்டையில் ஒரு ஜாடிக்குச் சொல்லி, அதன் வயிற்றில் 'முனைவர் கோகுலகிருஷ்ணன்' என்று எழுத்துப் புடைக்கச் செய்யச் சொன்னார். கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சைப் பூசி இன்னொரு முறை சூளையில் வைக்க நாளாகும் என்றார்கள்.

"பளபளப்பெல்லாம் எதுக்குங்க? எழுத்து தெரிஞ்சாப் போதும்" என்று ஒருமுறை சுட்டதோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சனிக்கிழமை, துர்கா இல்லாத நேரத்தில், அலமாரியைத் திறந்து பாட்டிலை அதில் கவிழ்த்தார். போதாக்குறைக்குப் பாட்டிலைக் கழுவியும் வைத்தார். மகா சுத்தக்காரர்!

திங்கட்கிழமை கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவளின் கண்ணில் முதலில் பட்டது அந்தக் காலி பாட்டில்தான். இது சாரின் விழா வேலைதான் என்று புரிந்தது. விழா அரங்குக்கு ஓடினாள். மேசையில் ஜாடி இருந்தது. சார் மூடியை எடுத்து, ஜாடியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் சாய்த்தார். ஒன்றும் வரவில்லை. குலுக்கினார். உள்ளே கண்ணை வைத்துப் பார்த்தார்.

"வெயில் ஜாஸ்தி பாருங்கம்மா, ஆவியாப் பூடுச்சி" என்று தாளாளரிடம் இளித்தார்.

துர்காவுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. இது ஆவியாகாது என்று அவள் எழுதிய கட்டுரைக்கெல்லாம் மேலே தன் பெயரைப் போட்டுக்கொண்ட மனுஷன்! இந்த ஆளுக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. சிரித்து முடிப்பதற்குள் உறைத்தது. ஆவியாகாது என்றால் வேறெங்கே போயிருக்கும்? மேசைக்குப் போய் ஜாடியைத் தொட்டாள். வெள்ளையாக இருக்க வேண்டிய வயிறு பழுப்பேறிப் பிசுபிசுத்தது.

"எங்கியும் போவலீங்கம்மா. கிளேஸ் போடாத ஜாடி, மொத்தத்தையும் குடிச்சிட்டு ஒக்காந்துருக்குது. ஒடச்சி ஊறப்போட்டா எடுத்துடலாங்க" என்றாள் தாளாளரிடம்.

"ஒடைக்கறதா? அதுல என் பேரு இருக்குது!" என்று சார் அலறினார்.

"ஒடைக்கட்டும் சார்" என்றார் ஆதிலட்சுமி அம்மாள். "நீங்க ஆவியாப் போச்சின்றீங்க, அந்தப் பொண்ணு இருக்குதுன்றா. பாத்துடலாம்."

துர்கா ஜாடியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்த் துணியில் சுற்றி இடித்தாள். ஓடுகளை வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, தண்ணீரைக் காய்ச்சி ஓட்டினாள். குடுவையின் அடியில் பழுப்பு எண்ணெய் மெல்லத் தேங்கியது. அளவு கொஞ்சம் குறைவுதான். ஒரு பிடி சக்கையைப் போட்டுச் சூடாக்கினாள். ஐந்தாம் முறையும் கரைந்தது.

சார் வாசலில் வந்து நின்றார். "பேரு இருந்த துண்ட மட்டுமாவது குடும்மா, மேசையில வச்சிக்கறேன்."

துர்கா திரும்பிப் பார்க்கவில்லை. "அதுவும் ரெண்டாந்தடவ ஊறிட்டுதான் இருக்குது சார். ரெண்டு சொட்டாவது வரும். உங்க பேரால எனக்குக் கெடைக்கப்போறது அது ஒண்ணுதாங்க."