நாற்பதுக்குக் கீழே

ஏல நிறுவனத்தில் எல்லோரும் அவனை ‘மூக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். மேலாளரும் அப்படித்தான், வாசல் காவலாளியும் அப்படித்தான். ஏலத்துக்கு வரும் விஸ்கியை முகர்ந்து, ருசித்து, இன்ன விலைக்குப் போகும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவன் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் அவன் எழுதிய விலை பெரிதாகப் பிசகியதில்லை. அதனால் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. அவன் அதை அனுபவம் என்று சொல்லிக்கொள்வான்.

அன்று அவன் மேசைமேல் இருந்தது சொந்த அக்காவின் பீப்பாயிலிருந்து எடுத்து வந்த சிறு புட்டி.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால், அக்காவின் கணவர் வேலை பார்த்த ஆலையை மூடியபோது கையில் கொடுத்த மொத்தத் தொகையையும் அந்தப் பீப்பாயில் போட்டார்கள். போடச் சொன்னவன் மூக்கு. புகை ஏறிய சிங்கிள் மால்ட். சதுப்பு நிலத்து மண்ணை வெட்டி, காயவைத்து எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்திக் காய்ச்சுகிற சரக்கு. முதல் தடவை குடிப்பவன் ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது என்று முகத்தைச் சுளிப்பான். ருசி கண்டவனோ அதற்காகச் சொத்தையே எழுதி வைப்பான்.

அக்கா சலவைக் கடை வைத்திருக்கிறாள். காலையில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தால் சாயங்காலம் வரை நின்ற நிலைதான். இரண்டு முழங்காலும் வீங்கிப்போய், இனிமேல் நிற்காதீர்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது. “பீப்பா வித்ததும் நல்ல நாற்காலியா ஒண்ணு வாங்கி உக்காருவேன். அப்புறம் வீடு தீப்பிடிச்சாலும் எழுந்திரிக்க மாட்டேன்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்னாலேயே விற்றிருக்கலாம். அப்போதும் ருசி பார்க்க மூக்குதான் கிடங்குக்குப் போனான். வாயில் விட்டதும் நாக்கு சுரீர் என்றது, தொண்டை வரை எரிந்தது. “சாராயப் பலம் ஐம்பது சதவீதத்துக்குக் குறையாது” என்றான். “எதுக்கும் மீட்டர்ல அளந்துடலாமா சார்? இது ஈரக் கிடங்கு, பலம் சீக்கிரம் இறங்கும்” என்றார் கிடங்குக்காரர். மூக்கு சிரித்தான். “என் நாக்கைவிடவா உங்க மீட்டர்?” அக்காவிடம் வந்து, “பொறுத்தார் பூமி ஆள்வார்க்கா. பதினெட்டு வருஷம்னு சீட்டுல போட்டா விலையே வேற” என்றான். அவள் பொறுத்தாள். தம்பி சொன்னால் அவளுக்கு வேறு வார்த்தை கிடையாது.

இப்போது அக்காவும் மாமாவும் அவன் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ருசி பார்க்கும் அறைக்குள் சென்ட் போட்டவர்களை அவன் விடுவதே இல்லை. அக்காமீது சோப்பும் கஞ்சியும் மணத்தன. அவளை வெளியே உட்காரச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி முகர்ந்தான். புகை எங்கோ பக்கத்துத் தெருவில் எரிவதுபோல் லேசாக வந்தது. வயதானால் புகை அடங்கும், அது அவனுக்குத் தெரிந்ததுதான். ஒரு மடக்கு வாயில் விட்டான். எரியவே இல்லை. தண்ணீராக இறங்கியது.

மாமா தன் கிண்ணத்தைக் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார். “மாப்ள, அன்னிக்குத் தொண்டையைக் கிழிக்குதுன்னியே, இப்போ பாரு, வெண்ணெய் மாதிரி போகுது! பழுத்துடுச்சுல்ல?”

மூக்கு சரக்கை மீட்டரில் விட்டான். 39.4. கழுவித் துடைத்து மறுபடி விட்டான். 39.4. மூன்றாம் தடவையும் அதேதான். மீட்டருக்குத் தம்பி தெரியுமா, அக்கா தெரியுமா?

அன்றைக்கு நாக்கைச் சுட்டது புகையின் காரம். அதைச் சாராயத்தின் பலம் என்று நம்பிவிட்டான். புதிதாய் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு முதல் நாளே சொல்லித் தருகிற எச்சரிக்கை அது. பலம் அப்போதே நாற்பத்திரண்டுக்கு இறங்கியிருக்க வேண்டும். இத்தனை நாள் புகை அதை மூடிவைத்திருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் தன் வாயால் அக்காவைக் கெடுத்திருந்தான்.

“என்னடா சொல்லுது அது?” என்றாள் அக்கா.

“நாப்பதுக்குக் கீழ போயிடுச்சுக்கா. நாப்பது இல்லைன்னா சட்டப்படி அதை விஸ்கின்னு சொல்லவே கூடாது. ஏலத்துல எடுக்க மாட்டாங்க.”

“அரைப்புள்ளி குறையுது, அவ்வளவுதானே? நீ கையெழுத்துப் போட்டா யாரு கேக்கப்போறா?” என்றார் மாமா, இன்னும் சிரிப்பு மாறாமல்.

“வாங்குறவனும் அளப்பான் மாமா.”

“அப்போ யாருதான் எடுப்பா?”

“காய்ச்சின ஆலைக்காரன் எடுப்பான், பலமான சரக்கோட கலக்குறதுக்கு. நீங்க போட்டதுல பாதிகூட வராது.”

மாமா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“இன்னும் மூணு வருஷம் வச்சுப் பாத்தா ஏறாதாடா? நான் நின்னுக்குவேன்” என்றாள் அக்கா.

“ஏறாதுக்கா. இறங்கத்தான் செய்யும்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. “அன்னிக்கே கிடங்குக்காரர் அளக்கலாமான்னு கேட்டார். நான்தான் வேணாம்னேன். அப்போ வித்திருந்தா நல்ல விலை வந்திருக்கும்.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் மேசை விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தாள். முழங்கால் பிடிக்கவில்லை. அவன் ஓடிவந்து கையைக் கொடுத்தான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

“மூணு மணிக்குச் சட்டை வாங்க ஆள் வரும்” என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி, தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

“இந்த நாற்காலி நல்லா இருந்துச்சுடா.”