இரண்டு கிராணிகளின் சம்பளம்

கோலாலம்பூரில் தோட்டங்களுக்கு இயந்திரம் விற்ற ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ரெங்கசாமி ஒன்பது வருஷமாகக் கிராணி வேலை பார்த்தான். எதிர் மேசையில் யாழ்ப்பாணத்துச் சிவசம்பு. கடிதம் எழுதுவது, பில் போடுவது, ஸ்டோர் கணக்குப் பார்ப்பது என்று இருவருக்கும் ஒரே வேலைதான். ஒருவர் லீவில் போனால் மற்றவர் இரண்டையும் பார்ப்பார். கல்யாணமாகாத ரெங்கசாமி பிரிக்பீல்ட்ஸில் ஒரு சலவைக் கடைக்கு மேலே வாடகைக்கு இருந்தான். நாளெல்லாம் அவன் மனம்விட்டுப் பேசுவதென்றால் அது மத்தியானச் சாப்பாட்டு வேளையில், சிவசம்புவோடுதான். சிவசம்புவின் மனைவி குணபூசணி அவனுக்கும் சேர்த்தே பிட்டு கட்டிக் கொடுப்பாள்.

1930-ஆம் வருஷத் தொடக்கத்தில் சம்பளப் பட்டியலைத் தட்டச்சு செய்யும் வேலை முதன்முறையாக ரெங்கசாமியிடம் வந்தது. சிவசம்புவுக்கு நூற்றுப்பத்து வெள்ளி. அவனுக்கு நாற்பத்தைந்து. கூடக்குறைய இருக்கும் என்று தெரியும். பாதிகூட இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

மத்தியானம் கேட்டே விட்டான்.

"அண்ணே, ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதானே? துரைகிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாரு."

சிவசம்புவின் முகம் கறுத்தது. "நானோ காணும் உமக்குச் சம்பளம் போட்டனான்? சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணினவனுக்கு ஒரு சம்பளம், பண்ணாதவனுக்கு ஒரு சம்பளம். அது கம்பெனி வழக்கம்."

ரெங்கசாமி பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். மறுநாளிலிருந்து கடையில் தனியாகச் சாப்பிட்டான். ஐந்து மாதம் இருவரும் 'குட் மார்னிங்' தவிர வேறு பேசவில்லை.

அதற்குள் ரப்பர் விலை விழுந்துவிட்டது. தோட்டங்கள் இயந்திரம் வாங்குவதை நிறுத்தின. துரை இருவரையும் கூப்பிட்டு, இனி ஒரு கிராணி போதும், சம்பளம் குறைந்தவன் இருக்கட்டும் என்றார். சிவசம்புவின் பதினாறு வருஷ வேலை அத்தோடு முடிந்தது. தன்னைக் காப்பாற்றியது தன் திறமையல்ல, அந்த நாற்பத்தைந்து வெள்ளிதான் என்று ரெங்கசாமிக்குப் புரிந்தபோது அவனுக்கு உடம்பு கூசியது.

அவர்கள் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறுவதற்கு முந்தின நாள் ரெங்கசாமி அவர்கள் வீட்டுக்குப் போனான். டிரங்குப் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள்.

"வாங்கோ தம்பி, கனநாளாக் காணேல்லை" என்றாள் குணபூசணி.

அவன் விடைபெற்றபோது சிவசம்பு தெருவரை கூட வந்தார்.

"நீர் அண்டைக்குக் கேட்டதில பிழையில்லை. துரையிட்ட நான் சொல்லியிருக்கலாம். சொன்னா என்ர சம்பளத்தில கை வைப்பாரோ எண்டு பயந்திட்டன்."

"விடுங்கண்ணே" என்றான் ரெங்கசாமி. ஐந்து மாதம் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தான். கேட்காமலே நடந்துவிட்டான்.

பிறகு இரண்டு மேசை வேலையும் அவன் தலையில் விழுந்தது. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு துரை முன்னால் நின்றான். சிவசம்பு வாங்கிய அளவு வேண்டாம், வேலைக்குத் தக்கபடி கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் போதும் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னான். துரை கோபப்படவில்லை. வாசலில் தினமும் ஆட்கள் வேலை கேட்டு நிற்கிறார்கள், முப்பது வெள்ளிக்கே வருவார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

ரெங்கசாமி வெளியே வந்து தன் மேசையில் உட்கார்ந்தான். ஒன்பது வருஷத்தில் முதன்முறையாகத் துரையிடம் வாய்திறந்து கேட்டிருக்கிறான். அதைச் சொல்ல ஆபீசில் ஆளில்லை. விஷயம் தெரிந்த பியூன் வாசுவும் துரையின் கண்ணில் படக்கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் அறைக்குப் போய், 'அண்ணே, நானே போய்க் கேட்டுட்டேன்' என்று தொடங்கி, நடந்ததையெல்லாம் சிவசம்புவுக்கு எழுதினான். அந்த மன்னிப்பையும் கடைசி வரியில் எழுதினான்.

பதில் வரவில்லை. ரெங்கசாமி இன்னும் ஆறு வருஷம் அங்கேயே வேலை பார்த்தான். சம்பளம் ஐம்பதைத் தாண்டவில்லை.