அந்த வீட்டில் தண்ணீர் குடிக்காத பிள்ளை

கிண்ணியாவில் முனாபின் உம்மாவுடைய வீட்டில் எந்தப் பெண்ணும் ஐம்பதைக் கண்டதில்லை. உம்மாவின் உம்மா நாற்பத்தாறில் போனார். உம்மா நாற்பத்துநாலில். மூத்த சகோதரி அசனா முப்பத்தொன்பதில், அதுவும் கைக்குழந்தையாக இருந்த மகனை விட்டுவிட்டு. ஒருத்திக்கு மார்பில் கட்டி, ஒருத்திக்கு வயிற்றில். அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தாயின் வீடு மகளுக்கு, பிறகு அவளுடைய மகளுக்கு. ஆண்பிள்ளை நிக்காஹ் முடிந்த கையோடு பெண் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். ஆகவே வழக்கு சுலபமாகத் தீர்ந்தது. வீட்டில் இருந்த பெண்கள் செத்தார்கள், வெளியே போன ஆண்கள் குத்துக்கல் மாதிரி இருந்தார்கள். குற்றவாளி வீடு அல்லாமல் வேறு யார்?

ஊர் சும்மா இருக்குமா? ஜின் நடக்கிற பாதையில் சுவர் எழுப்பிவிட்டார்கள் என்றது. கிணற்றைத் தூர்த்தார்கள். வாசலை மறுபக்கம் திருப்பினார்கள். நாலு மூலையிலும் ஓதி ஆணி அடித்தார்கள். ஆணிகள் துருப்பிடித்தன, கட்டிகள் தங்கள் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தன.

முனாப் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் இஞ்சின் திருத்துகிறவன். கண்ணால் காணாததை நம்பாதவன் என்று பெயர் வாங்கியவன். இந்த வீட்டு விஷயத்தில் மட்டும் அவன் ஊரோடு ஊராக நின்றான். ஒரே மகள் நுஸ்ரத் பிறந்த நாளிலிருந்து இருபத்தொரு வருடமாக அந்த வாசலை அவள் மிதிக்க விட்டதில்லை. பெருநாளுக்குப் போனாலும் வெளியே நின்று சலாம் சொல்லிவிட்டு வரவேண்டும். ஏழு வயதில் ஒருமுறை கண் தப்பி உள்ளே போய் ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டாள். அவளுடைய வாய்க்குள் விரலை விட்டு, அது முழுவதையும் கக்க வைத்துத்தான் ஓய்ந்தான். பிள்ளை அழுதது. அவனும் அழுதான்.

அந்த வீட்டில் மிஞ்சியிருந்தவள் தங்கை ஜெஸீமா. போன வருடம், நாற்பத்தொரு வயதில், அவளுக்கும் கட்டி வந்தது. கொழும்பில் அறுத்து, மருந்தேற்றி, எப்படியோ பிழைத்துக்கொண்டாள். அவளுக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். அவளுக்குப் பிறகு வீடு நுஸ்ரத்துக்குத்தான் வரும் என்று உறவுக்காரர்கள் பேசத் தொடங்கியபோது முனாப் யோசிக்கவே இல்லை. தங்கையைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்துக்கொண்டு, பழைய வீட்டை இடிக்கப் பெக்கோ இயந்திரம் பிடித்தான்.

இடிக்கிற அன்று காலையில் ஜெஸீமா ஓட்டோவில் வந்து இறங்கினாள். முந்தின நாள்தான் நுஸ்ரத்தைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்த் திரும்பியிருந்தாள். கையில் ஒரு கடித உறை.

“காக்கா, மெஷினை நிப்பாட்டச் சொல்லுங்க. வீட்டுல ஒண்டுமில்ல,” என்றாள் அண்ணனிடம்.

“நீ கெடந்த கெடைக்குப் பொறகும் இப்பிடிச் சொல்றாயா?”

“என்ட ரத்தத்தச் சோதிச்சவங்க. நம்மட உடம்புக்குள்ள ஒவ்வொரு நாளும் டி.என்.ஏ உடையுதாம். எல்லாருக்கும்தான். அதத் திருத்துறதுக்கும் உள்ளுக்கு ஜீன் இருக்காம். அப்பிடித் திருத்துற ஜீன் ஒண்டு எனக்குப் பொறக்கக்குள்ளயே பழுது. உம்மாட்டயிருந்து வந்திருக்கு. இஞ்சின் பழுதாகுறது புதினமில்ல காக்கா. திருத்துற நீங்க படுத்துட்டா என்ன நடக்கும்?”

“அப்ப அது பொண்டுகள்ற நோய் வருத்தம்தானே.”

“இல்ல. ஆம்பிளைக்கும் அந்த ஜீன் வரும். ஆம்பிளைய அவ்வளவா அடிக்காது, சத்தமில்லாமப் பிள்ளைக்குக் கைமாறும். உங்களுக்கு இருக்குறதுக்குப் பாதிக்குப் பாதி. உங்களுக்கு இருந்தா நுஸ்ரத்துக்கும் பாதிக்குப் பாதி. நீங்க ரத்தம் குடுங்க. உங்களுக்கு இல்லையெண்டா அவளுக்கும் இல்ல.”

முனாப், இடிக்கச் சொல்லி இயந்திரத்துக்குக் கையைக் காட்டினான். வீடு அரை மணித்தியாலத்தில் விழுந்தது. புழுதி அடங்கியபின் அவன் கல்லுக் குவியலுக்குள் இறங்கி, காலால் தட்டித் தட்டி எதையோ தேடினான். கல்லும் ஓடும்தான் கிடந்தன. அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது, உண்மையான பயம்.

அடுத்த கிழமை மனைவி றிஷானாவிடம்கூடச் சொல்லாமல் கொழும்புக்குப் போய் ரத்தம் கொடுத்தான். பதில் வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு மாதமும் முனாப் மகளைப் பார்த்துக்கொண்டேயிருந்தான். வாப்பாவை உரிச்சு வச்ச பிள்ளை என்று ஊரே சொல்லும். அதைக் கேட்டுப் பூரித்துப்போனவன்தான் அவன். இப்போது தன்னுடைய இடதுகைப் பழக்கத்தை அவளிடம் கண்டாலே பயந்தான். தும்மினால் அவனைப் போலத் தும்மினாள். சிரிக்கும்போது அவனுடைய கோணல் பல் அவளுடைய வாயில் தெரிந்தது. இவ்வளவையும் கொடுத்தவன் அதை மட்டும் கொடுக்காமல் விட்டிருப்பானா? எந்த வீட்டில் இருக்கிறது என்று ஓடினானோ அது அவனோடுதான் நிக்காஹ் உடுப்பில் நடந்து வந்து, இந்த வீட்டுப் பாயில் படுத்து, இந்த வீட்டுச் சோற்றைத் தின்றிருக்கிறது. கதவைப் பூட்டும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசியது. உள்ளே வைத்துத்தானே பூட்டுகிறான்.

பதில் வந்தது. இருந்தது.

ஜெஸீமாவிடம் காட்டினான். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, “மகள்ட்ட நீங்கதான் சொல்லணும் காக்கா,” என்றாள்.

“அவளுக்குப் பேசியிருக்குற மூதூர்ச் சம்பந்தம் முடியட்டும். இப்பச் சொன்னா ஊர் வாயில வுழுந்து எந்திரிக்கேலாது.”

“அசனா லாத்தாக்கு முந்தியே தெரிஞ்சிருந்தா வருஷா வருஷம் பார்த்திருப்பாங்க. கட்டியச் சின்னனிலயே புடிச்சிருப்பாங்க. அவங்களுக்குச் சொல்ல ஒருத்தருமில்ல. இவளுக்கு நீங்க இருக்கீங்க.”

மூன்று நாள் முனாப் தள்ளிப்போட்டான். நாலாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மகளைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினான். சொல்ல நினைத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. வாய்க்கு வந்த மாதிரி, முன்னுக்குப் பின்னாகச் சொன்னான். அவன் முடித்தபோது நுஸ்ரத் அவனுடைய கையைப் பிடித்தாள்.

“எனக்குத் தெரியும் வாப்பா. மாமிக்குத் துணையாப் போன அண்டைக்கே நானும் ரத்தம் குடுத்துட்டன். ரெண்டு கிழமைக்கு முந்திப் பதில் வந்துட்டு. எனக்கும் இருக்கு. மாமிட்டச் சத்தியம் வாங்கிட்டன், உங்கள்ட்டச் சொல்லக் கூடாதெண்டு.”

“ஏன் மகள்?”

“எனக்கு இருக்கெண்டா அது உங்கள்ட்டயிருந்துதானே வந்திருக்கணும். தேத்தண்ணியக் கக்க வச்ச மனுஷன்ட்ட அதப் போய் நான் எப்பிடிச் சொல்ல?”

முனாப் வாய்விட்டு அழுதான். மகள் அவனுடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இன்னும் சில வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம் ஸ்கேன் பார்ப்பார்களாம், மூதூர்க்காரருக்கும் மறைக்காமல் சொல்லவேண்டும், அவர்கள் வேண்டாமென்றால் போகட்டும் என்று, அவனைத் தட்டிக்கொடுத்தபடி மெதுவாகச் சொன்னாள். சத்தம் கேட்டுச் சமையலை விட்டுவிட்டு றிஷானா குசினியிலிருந்து ஓடிவந்து, என்ன நடந்தது என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்ல நுஸ்ரத் வாயெடுத்தாள். முனாப் அவளை முந்திக்கொண்டான்.

“இதுல வந்து இருங்க,” என்றான் மனைவியிடம். “சொல்றன்.”